நம்பிக்கையும் நீதியும்: ஞாயிறு வாசகங்களை ஊன்றிப் படிக்க ஒரு தொடக்கம்

ஞாயிறு வழிபாடு முடிந்து வெளியே வரும்போது, "இன்றைக்கு முதல் வாசகம் எந்தப் புத்தகத்திலிருந்து?" என்று யாராவது கேட்டால் நம்மில் பாதிப் பேர் திணறுவோம். அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை. காதால் கேட்பது வேகமாகப் போய்விடுகிறது; "கொஞ்சம் நிறுத்துங்கள், அந்த வரியை இன்னொரு தரம் படியுங்கள்" என்று கேட்கவும் முடியாது. அதனால்தான் சில வாசகங்களை வீட்டில் விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடியும் படிக்க வேண்டியிருக்கிறது. நம்பிக்கையையும் நீதியையும் பற்றிய வாசகங்கள் அந்த வகை.

காரணம், இந்த இரண்டு சொற்களும் நமக்கு ரொம்பவே பழகிப்போனவை. நம்பிக்கை என்றதும் (விசுவாசம் என்று சொல்லிப் பழகியவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம்) கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற மன அமைதி நினைவுக்கு வருகிறது. நீதி என்றதும் நீதிமன்றம், தீர்ப்பு, தண்டனை. முதலாவது ஆலயத்துக்கு உள்ளே, இரண்டாவது வெளியே. இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டு வாசகங்களைக் கேட்டால், அநியாயத்துக்கு ஆளானவரிடம் "பொறுத்துக்கொள், நம்பிக்கையோடு இரு" என்று சொல்வதுதான் விவிலியத்தின் போதனை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். நானே பல ஆண்டுகள் அப்படித்தான் புரிந்து வைத்திருந்தேன். மெதுவாகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் வேறொன்று தெரிந்தது. நீதி கிடைக்காத ஒருவர், கிடைக்கும் வரை விடாமல் பிடித்திருக்கும் பிடிக்குத்தான் விவிலியம் பல இடங்களில் நம்பிக்கை என்று பெயர் வைக்கிறது.

இதை நீங்களே எப்படிக் கண்டுகொள்வது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எபிரேயமும் கிரேக்கமும் தெரிந்திருக்கத் தேவையில்லை. வேண்டிய சில சொற்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வசனங்களை என் நடையில் சொல்கிறேன்; பெயர்கள் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பின்படி வரும்.

வாசகங்கள் எப்படி அமைந்திருக்கின்றன?

கத்தோலிக்கத் திருப்பலியில் ஞாயிறுதோறும் முதலில் பழைய ஏற்பாட்டு வாசகம் ஒன்று வரும் (பாஸ்கா காலத்தில் மட்டும் அதற்குப் பதில் திருத்தூதர் பணிகள்). அப்புறம் பதிலுரைப் பாடலாக ஒரு திருப்பாடல். அதன்பின் பெரும்பாலும் ஒரு திருமுகத்திலிருந்து (நிருபம் என்றும் சொல்வார்கள்) இரண்டாம் வாசகம், கடைசியில் நற்செய்தி. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1969இல் இந்த அட்டவணை வெளிவந்தது. இது மூன்று ஆண்டுச் சுழற்சி: ஓர் ஆண்டு மத்தேயு, ஓர் ஆண்டு மாற்கு, ஓர் ஆண்டு லூக்கா. 3ஆல் மீதியில்லாமல் வகுபடும் ஆண்டு லூக்கா ஆண்டு. 2025 அப்படி வந்தது, அடுத்தது 2028. வேறு பல திருச்சபைகள் 1992இல் வெளிவந்த ஒரு பொது அட்டவணையைப் பின்பற்றுகின்றன. அதுவும் இந்த அமைப்பை ஒட்டியதுதான் என்பதால் நற்செய்திப் பகுதி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

புதிதாகப் படிப்பவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும். பொதுக்காலத்து (திருவருகை, கிறிஸ்து பிறப்பு, தவம், பாஸ்கா ஆகிய சிறப்புக் காலங்களில் சேராத வாரங்கள்) ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்திக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டாம் வாசகம் அப்படியில்லை. அது ஏதாவது ஒரு திருமுகத்தை வாராவாரம் தொடர்ந்து படித்துக்கொண்டு போகும். ஆகவே முதல் வாசகத்தையும் நற்செய்தியையும் அடுத்தடுத்து வைத்து, "இதை ஏன் இதோடு சேர்த்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாம் வாசகத்தோடு வலிந்து முடிச்சுப் போட வேண்டாம்.

இன்னொன்று, வசன எண்களைக் கவனியுங்கள். 1:2-3, 2:2-4 என்று குறிப்பு இருந்தால் நடுவே நிறைய விடுபட்டிருக்கிறது. நேரம் கருதி விட்டிருப்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் வீட்டில் படிக்கும் நமக்கு நேரம் இருக்கிறது. விடுபட்ட இடத்தில் போய்ப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஏராளம்.

ஓர் எழுத்து வித்தியாசம்

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேய மொழியில் எழுதப்பட்டது. அதில் நீதி சம்பந்தமாக இரண்டு சொற்கள் அடிக்கடி ஜோடியாக வரும்: மிஷ்பாத், த்ஸெதாக்கா. மிஷ்பாத் என்றால் வழக்கைக் கேட்டு, பறிபோனதை உரியவருக்கு மீட்டுக் கொடுக்கும் தீர்ப்பு. த்ஸெதாக்கா என்றால் உறவில் நேராக நடந்துகொள்வது. கடவுளோடும் சரி, பக்கத்தில் இருப்பவரோடும் சரி. நியாயம், நீதி, நேர்மை என்று தமிழ் மொழிபெயர்ப்புகள் இவற்றை மாற்றி மாற்றிச் சொல்கின்றன. ஒன்றில் நியாயம் என்று இருப்பது இன்னொன்றில் நீதி என்று இருக்கும். அதனால் குழம்ப வேண்டாம். தண்டனையைவிட மீட்டுக்கொடுப்பதும் சரிசெய்வதும்தான் இந்தச் சொற்களில் முன்னால் நிற்கின்றன என்பது நினைவில் இருந்தால் போதும். நீதி வெள்ளமாகப் புரண்டு வரட்டும், வற்றாத ஆறாக ஓடட்டும் என்று ஆமோஸ் 5:24இல் வரும்போது இந்த இரண்டு சொற்களும் சேர்ந்துதான் வருகின்றன. அங்கே நீதி என்பது வறண்ட நிலத்துக்கு வரும் தண்ணீர்.

இந்தச் சொற்களை வைத்து எசாயா (ஏசாயா) செய்யும் ஒரு காரியம் என்னை இன்றும் நிறுத்தி வைக்கிறது. 5ஆம் அதிகாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டப் பாட்டு இருக்கிறது. மத்தேயு ஆண்டில் பொதுக்காலம் 27ஆம் ஞாயிறன்று முதல் வாசகமாக வரும். தோட்டக்காரர் நிலத்தைக் கொத்தி, கல் பொறுக்கி, நல்ல கொடி நட்டு, காவல் மாடமும் கட்டிவிட்டு நல்ல பழத்துக்காகக் காத்திருக்கிறார். கிடைத்தது காட்டுப் பழம். பாட்டின் கடைசி வரி என்ன சொல்கிறது? கடவுள் மிஷ்பாத்தை எதிர்பார்த்தார், கிடைத்தது மிஸ்பாஹ், அதாவது இரத்தப்பழி. த்ஸெதாக்காவை எதிர்பார்த்தார், கிடைத்தது த்ஸெஆக்கா, அதாவது அழுகுரல்.

எபிரேய எழுத்தில் த்ஸெதாக்காவுக்கும் த்ஸெஆக்காவுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். தூரத்திலிருந்து கேட்பவருக்கு நீதி போலவே ஒலிக்கும். பக்கத்தில் போனால்தான் அது அலறல் என்று தெரியும். மொழிபெயர்ப்பில் இந்த ஒலி தொலைந்துவிடுகிறது; யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்துகொண்டு படிக்கலாம், அவ்வளவுதான்.

இந்த அழுகுரல் என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்த மக்களின் குரலைக் கேட்டேன் என்று கடவுள் மோசேயிடம் சொல்லும்போது (விடுதலைப் பயணம் 3:7) இதே சொல்தான். கைம்பெண்ணையோ அனாதையையோ கொடுமைப்படுத்தினால் அவர்கள் என்னிடம் அழுவார்கள், நான் கேட்பேன் என்று சட்டமாகச் சொல்லப்படும் இடத்திலும் (22:22-23) இதே சொல்.

இனி நம்பிக்கைக்கு வருவோம். எபிரேயத்தில் எமுனா. நாம் தினமும் சொல்லும் ஆமென் இதன் வேரிலிருந்து வந்ததுதான். ஆடாமல் அசையாமல் நிற்பது, நம்பத்தகுந்த விதமாக உறுதியாக இருப்பது என்பது அடிப்படைப் பொருள். மனத்தால் ஒரு கொள்கையை ஏற்பது என்பதைவிட இது உடலுக்கு நெருக்கமான சொல். எவ்வளவு நெருக்கம் என்று சற்று நேரத்தில் பார்ப்போம்.

அபக்கூக்கின் முறையீடு

"நேர்மையாளர் நம்பிக்கையால் வாழ்வார்" என்ற வரி பலருக்கும் மனப்பாடம். பவுல் அதை உரோமையர் 1:17இலும் கலாத்தியர் 3:11இலும் எடுத்தாள்கிறார். எபிரேயர் 10:38இலும் வருகிறது. ஆனால் அதன் முதல் இடம் அபக்கூக்கு 2:4 (ஆபகூக் என்று தேடினால் கிடைக்கும்). அங்கே போய் அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு.

கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. பாபிலோனியப் பேரரசு தலையெடுத்துக்கொண்டிருக்கிறது. அபக்கூக்கு தம் நூலைப் புகழ்ச்சியோடு தொடங்கவில்லை, சண்டையோடு தொடங்குகிறார். ஆண்டவரே, எத்தனை காலம் கூப்பிடுவேன், நீர் கேட்க மாட்டீரா? வன்முறை என்று கத்துகிறேன், காப்பாற்ற மாட்டீரா? இவ்வளவு அநீதியை ஏன் என்னைப் பார்க்க வைக்கிறீர்? இது 1:2-3. லூக்கா ஆண்டில் பொதுக்காலம் 27ஆம் ஞாயிறு முதல் வாசகம் இங்கே தொடங்கி, நேராக 2:2-4க்குத் தாவுகிறது: காட்சியை எழுதி வை, பலகையில் தெளிவாக எழுது, தாமதித்தாலும் அது வந்தே தீரும், நேர்மையாளர் நம்பிக்கையால் வாழ்வார்.

சரி, விடுபட்ட 1:4இல் என்ன இருக்கிறது? சட்டம் மரத்துப்போய்விட்டது. மிஷ்பாத் வெளியே வருவதே இல்லை. தீயவர்கள் நேர்மையாளரைச் சுற்றி வளைத்துக்கொள்கிறார்கள். ஆகவே வெளியே வரும் தீர்ப்பும் கோணலாகத்தான் வருகிறது.

"நேர்மையாளரைச் சுற்றி வளைத்துக்கொள்கிறார்கள்." எபிரேயத்தில் அந்த நேர்மையாளருக்கு த்ஸத்தீக் என்று பெயர். 2:4இல் நம்பிக்கையால் வாழப்போகிறவரும் அதே த்ஸத்தீக்தான். இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படித்தால் அந்தப் புகழ்பெற்ற வரியின் முகமே மாறிவிடுகிறது. நம்பிக்கையால் வாழ்கிறவர் அமைதியான அறையில் உட்கார்ந்து தியானிப்பவர் இல்லை. நாலாபுறமும் வளைக்கப்பட்டு, தீர்ப்பு கோணலாக்கப்பட்டு, ஆனாலும் கால் பெயராமல் நிற்கிறவர் அவர். அவர் உயிரோடு இருப்பதே எமுனாவால்தான்.

அப்புறம் 2:4க்குப் பின்னாலும் கொஞ்சம் படியுங்கள். அடுத்தவர் பொருளைக் குவிப்பவனுக்கு ஐயோ, அநியாய வருமானத்தில் வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ, இரத்தத்தால் நகரம் கட்டுகிறவனுக்கு ஐயோ என்று வரிசையாக வருகிறது. நடுவில் ஒரு வரி: சுவரிலிருக்கும் கல் கதறும், கூரையிலிருக்கும் உத்திரம் அதற்குப் பதில் குரல் கொடுக்கும் (2:11). மனிதர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டாலும், திருட்டுப் பணத்தில் கட்டிய வீட்டின் கல்லும் மரமும் சாட்சி சொல்லும். நம்பிக்கை வசனத்துக்கு இந்தப் பக்கம் முறையீடு, அந்தப் பக்கம் குற்றச்சாட்டு. நடுவில் இருப்பதை மட்டும் வெட்டி எடுத்து, பாதிக்கப்பட்டவரிடம் "நம்பிக்கையோடு சும்மா இரு" என்று நீட்டுவது எனக்கு வேதனை தரும் விஷயம். அபக்கூக்கு சும்மா இருக்கவே இல்லை. காவல் மாடத்தில் ஏறி நின்றுகொண்டு, என் முறையீட்டுக்கு என்ன பதில் வருகிறது என்று பார்ப்பேன் என்கிறார் (2:1).

திரும்பத் திரும்ப வந்த கைம்பெண்

அந்த ஞாயிறு முடிந்து இரண்டே வாரத்தில், பொதுக்காலம் 29ஆம் ஞாயிறன்று, லூக்கா 18:1-8 வாசிக்கப்படும். நம்பிக்கையையும் நீதியையும் பற்றித் தியானிக்க ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு நகரத்தில் ஒரு நடுவர். கடவுளுக்கும் பயமில்லை, மனிதரையும் மதிப்பதில்லை. அதே நகரத்தில் ஒரு கைம்பெண். அவர் நடுவரிடம் வந்து எனக்கு நீதி வழங்கும் என்கிறார். நடுவர் வெகுகாலம் அசையவில்லை. பிறகு, இவர் தொல்லை தாங்கவில்லை என்று தீர்த்துவைக்கிறார்.

ஏன் கைம்பெண்? சொத்து யாருக்குப் போக வேண்டும் என்று எண்ணிக்கை 27:8-11 ஒரு வரிசை சொல்கிறது: மகன், இல்லாவிட்டால் மகள், பிறகு சகோதரர், தந்தையின் சகோதரர், நெருங்கிய உறவினர். மனைவி அந்த வரிசையிலேயே இல்லை. கணவர் போய்விட்டால் அவருக்காக வாயைத் திறக்க ஆளும் இருக்காது. அதனால்தான் அவர்களுக்குக் கடவுளே வழக்காடுகிறார் என்று இணைச்சட்டம் 10:17-18 சொல்கிறது. அவர் ஆள் பார்ப்பதில்லை, கையூட்டு வாங்குவதில்லை. இந்தக் கைம்பெண்ணின் வழக்கு என்ன, எதிராளி யார் என்று லூக்கா சொல்லவே இல்லை. சொல்லாமல் விட்டதால் எத்தனையோ பேர் தங்கள் வழக்கை அங்கே வைத்துப் படிக்க முடிகிறது.

புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அந்த மொழியில் நீதிக்கு அடிச்சொல் திக்கே. இந்த எட்டு வசனங்களுக்குள் அந்த வேர் ஆறு முறை வருகிறது. எனக்கு நீதி வழங்கும் என்பதில் ஒன்று. எதிராளி என்ற சொல்லில் ஒன்று. வழங்குவேன் என்று நடுவர் தனக்குள் சொல்லிக்கொள்ளும்போது ஒன்று. அந்த நடுவரை "அநீதியின் நடுவர்" என்று இயேசு சொல்லும்போது ஒன்று. கடவுள் நீதி வழங்குவார் என்று அவர் உறுதி சொல்லும்போது இரண்டு. வாய்விட்டுப் படித்தால் முரசு போலக் கேட்கும்.

"வந்தார்" என்பதற்கு லூக்கா பயன்படுத்தும் வினைவடிவம் ஒருமுறை வந்ததைக் குறிக்காது. வந்துகொண்டே இருந்தார் என்று பொருள். எங்கள் வாசகக் குழுவில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, அதிகம் பேசாத ஒருவர் சொன்னார்: "அப்படின்னா ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோட வீட்டுக்குத் திரும்பி நடந்திருப்பாங்கல்ல? அதை யாருமே சொல்றதில்லையே." உண்மைதான். உவமையில் வருகை மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. திரும்பிப் போன நடையை நாம்தான் மனத்தில் எழுதிப் படிக்க வேண்டும்.

நடுவர் கடைசியில் சொல்லும் சொல் இன்னும் சுவையானது. இவர் என் உயிரை வாங்கிக்கொண்டே இருப்பார் என்பதுபோல மொழிபெயர்ப்புகளில் இருக்கும். மூலத்தில் அந்த வினைச்சொல்லுக்கு நேர்ப்பொருள் கண்ணுக்குக் கீழே குத்துவது. குத்துச்சண்டைக் களத்துச் சொல். பவுலும் 1 கொரிந்தியர் 9:27இல், குத்துச்சண்டையை உவமையாகச் சொன்ன கையோடு, இதைப் பயன்படுத்துகிறார். அதிகாரம் எல்லாம் வைத்திருக்கும் மனிதர், கையில் ஒன்றுமில்லாத ஒரு பெண் தன் முகத்தில் குத்திவிடுவார் என்று அஞ்சுகிறார்! லூக்காவைக் கேட்டவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. அந்த நடுவர்தான் கடவுளா, நச்சரித்தால்தான் கடவுள் இறங்கி வருவாரா என்று கேட்பார்கள். இல்லை. இவ்வளவு மோசமானவரே கடைசியில் நீதி வழங்கினார் என்றால் நீதியுள்ள கடவுள் எவ்வளவு விரைவாக வழங்குவார் என்பதுதான் வாதம். சிறியதிலிருந்து பெரியதற்குப் போகும் இந்த வாதமுறை யூத மறைநூல் அறிஞர்களுக்கு நன்கு பழக்கமானது.

ஆறு முறை நீதியைப் பேசிவிட்டு, பகுதி இப்படி முடிகிறது: மானிடமகன் வரும்போது மண்ணுலகில் நம்பிக்கையைக் காண்பாரா? முதல் தடவை கவனித்தபோது, இது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. இதுவரை நம்பிக்கை என்ற சொல்லே வரவில்லையே? பிறகுதான் உறைத்தது. வந்துகொண்டே இருந்த அந்தப் பெண்ணின் கால்களுக்குத்தான் இயேசு அந்தப் பெயரை வைக்கிறார். இடைவிடாமல் மன்றாட வேண்டும் என்று முதல் வசனத்திலேயே லூக்கா சொல்லிவிட்டார். அந்த மன்றாட்டு எப்படி இருக்கும் என்று கேட்டால், அல்லும் பகலும் கடவுளை நோக்கிக் கூக்குரலிடுவது என்கிறது 7ஆம் வசனம். மீண்டும் அதே அழுகுரல்.

மோசேயின் கைகள்

இந்த நற்செய்தியோடு கத்தோலிக்க அட்டவணை சேர்க்கும் முதல் வாசகம் விடுதலைப் பயணம் 17:8-13. அமலேக்கியரோடு போர். யோசுவா கீழே போரிடுகிறார். மோசே குன்றின் மேல் கைகளை உயர்த்தி நிற்கிறார். கை உயர்ந்திருக்கும்போது இஸ்ரயேலர் வெல்கிறார்கள், தாழ்ந்தால் தோற்கிறார்கள். கை வலிக்கிறது. ஆரோனும் கூரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று கைகளைத் தாங்குகிறார்கள். கதிரவன் மறையும் வரை அவர் கைகள் உறுதியாக இருந்தன என்கிறது 12ஆம் வசனம்.

"உறுதியாக" என்று நாம் படிக்கும் அந்தச் சொல் எபிரேயத்தில் எமுனா. அபக்கூக்கின் நேர்மையாளரை வாழவைத்த அதே சொல். மோசேயின் கைகள் சூரியன் மறையும் வரை நம்பிக்கையாக இருந்தன! இதைத்தான் உடலுக்கு நெருக்கமான சொல் என்று முன்பு சொன்னேன். வலிக்கும் கை, தாழும் கை, இன்னொருவர் தாங்கினால்தான் நிற்கும் கை. அநீதிக்கு எதிராக நெடுங்காலம் நிற்கும் ஒருவருக்கு நம்பிக்கை குறைகிறதே என்று நாம் குறைப்பட்டுக்கொள்வதைவிட, பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு உட்காரச் சொல்லித் தோளுக்குக் கீழே நம் கையைக் கொடுப்பது இந்த வாசகத்துக்கு நெருக்கமானது.

இந்த வாசகம் வாளோடு முடிகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. நீதியை நினைத்துப் படிப்பவருக்கு அது உறுத்தும், உறுத்தவும் வேண்டும். களைத்துப் பின்தங்கி வந்தவர்களைத்தான் அமலேக்கியர் தாக்கினார்கள் என்று இணைச்சட்டம் 25:18 காரணம் சொல்கிறது. அதற்காக உறுத்தல் போய்விடாது. கடினமான வரியைத் தாண்டிக் குதிக்காமல், அதன்முன் பேசாமல் சிறிது நேரம் இருப்பதும் தியானம்தான்.

யாக்கோபும் பவுலும்

நம்பிக்கை, நீதி என்று பேச்சு வந்தாலே யாராவது இந்த இருவரையும் மோதவிடுவார்கள். நம்பிக்கையால் கடவுளுக்கு ஏற்புடையவராகிறோம் என்கிறார் பவுல். செயலற்ற நம்பிக்கை செத்தது என்கிறார் யாக்கோபு. மார்ட்டின் லூத்தர் 1522இல் யாக்கோபு திருமுகத்தை வைக்கோல் திருமுகம் என்று எழுதும் அளவுக்கு இது வளர்ந்தது. நெடுங்கால உரையாடலுக்குப் பிறகு 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இது பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். இந்த வரலாறு முக்கியமானதுதான். ஆனால் புதிதாகப் படிப்பவர் இதில் சிக்கிக்கொண்டால் யாக்கோபு என்ன சொன்னார் என்பதே காதில் விழாமல் போய்விடும்.

அவர் காட்டும் காட்சியைப் பாருங்கள். உடுக்க உடையும் அன்றாட உணவும் இல்லாத ஒருவரிடம், "நலமே போய்வா, குளிர் காய்ந்துகொள், வயிறாரச் சாப்பிடு" என்று சொல்லி அனுப்புகிறார்கள் (2:15-16). அந்தச் சொற்களில் ஒரு தவறும் இல்லை, ஆசீர்வாதம் போலவே இருக்கின்றன. கையில் மட்டும் ஒன்றும் இல்லை. 5:4இல் இன்னும் கூர்மை: வயலில் அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. கூலியே குரல் எழுப்புகிறது! கூலியாளின் கூலியை விடியும் வரைகூட உன்னிடம் வைத்திருக்காதே என்ற லேவியர் 19:13 இதன் பின்னால் நிற்கிறது. அறுவடை செய்தவர்களின் கதறல் ஆண்டவரின் காதுக்கு எட்டிவிட்டது என்று வசனம் முடிகிறது. அதற்கு அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல், லூக்கா 18:7இல் வரும் கூக்குரலோடு ஒரே வேர். மாற்கு ஆண்டில் பொதுக்காலம் 22 முதல் 26 வரையிலான ஞாயிறுகளில் இரண்டாம் வாசகமாக யாக்கோபு வருவார். அந்த ஐந்து வாரமும் அவரையே தொடர்ந்து படித்துப் பாருங்கள்.

உட்கார்ந்து படிக்கும்போது

நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் தடவை வாய்விட்டு, சாதாரண வேகத்தில். இரண்டாம் தடவை, இதில் அழுவது யார், யாருடைய குரல் கேட்கவில்லை என்ற ஒரே கேள்வியோடு. நம்பிக்கையையும் நீதியையும் பற்றிய எந்த வாசகத்திலும் இந்தக் கேள்வி எங்கேயாவது கதவைத் திறக்கும். அதன்பின் விடுபட்ட வசனங்கள். அதற்கும் பின்னால்தான் விளக்கவுரை; முதலிலேயே அதைத் திறந்தால் நம் கண் தூங்கிவிடும்.

இன்னொரு கேள்வி கொஞ்சம் சுடும்: இந்த உவமையில் நான் யார்? நம் எல்லாருக்கும் கைம்பெண்ணாக நின்று படிக்கத்தான் பிடிக்கும். ஒரு வாரம் நடுவராக நின்று படித்துப் பாருங்கள். யார் என்னிடம் திரும்பத் திரும்ப வந்து கேட்கிறார்கள்? யாருடைய வருகையைத் தொல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்? என் கையால் முடிகிற ஒன்றை எவ்வளவு நாளாகத் தள்ளிப்போட்டிருக்கிறேன்? நான் அப்படிப் படித்த வாரத்தில் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. பைபிளை மூடிவிட்டு அவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது.

லூக்கா 18ஐ முடித்த பிறகு அடுத்த ஞாயிறையும் விட்டுவிடாதீர்கள். 30ஆம் ஞாயிறு நற்செய்தி பரிசேயரும் வரிதண்டுபவரும் (18:9-14). அங்கே கடைசியில் ஏற்புடையவராகி வீட்டுக்குப் போனார் என்ற சொல்லும் திக்கே என்ற அதே வேரிலிருந்து பிறந்ததுதான். அன்றைய முதல் வாசகம் சீராக்கின் ஞானம் 35ஆம் அதிகாரம். எல்லாத் திருச்சபைகளின் விவிலியத்திலும் இந்த நூல் இருக்காது; கத்தோலிக்கப் பதிப்பில் பார்க்கலாம். ஆள் பார்க்காத நடுவராக அங்கே ஆண்டவர் இருக்கிறார், கைம்பெண் தன் முறையீட்டைக் கொட்டுகிறார், தாழ்ந்தவரின் மன்றாட்டு மேகங்களைத் துளைத்துக்கொண்டு போகிறது. போன வாரத்துப் பெண் இந்த வாரமும் வந்து நிற்பது போலிருக்கும். வாசக நூலில் நடுவே ஓரிரு வரிகளை விட்டிருப்பார்கள். வசன எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால், கைம்பெண் முறையிடும் வரிக்கு அடுத்த வரியைத் தேடுங்கள். அங்கே அவர் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. அதை வழியவைத்தவருக்கு எதிராக அவர் குரல் எழுகிறது.